டிகிரி அக்காவின் சனிக்கிழமை

“தண்ணீர் வராது” என்பதைத் “தண்ணிர் வராது” என்று அடித்துக் கீழ்த்தளத்துப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அலுவலகம் விட்டு வந்த டிகிரி அக்கா கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, ‘ணி’க்கு ஒரு சுழி போட்டாள். ஓரடி தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படியேறினாள். அன்று தண்ணீர் வராது என்பது, வீட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அச்சில் எது வந்தாலும் அவளுக்கு அது திருத்த வேண்டிய விடைத்தாள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடமாட்டாள். அந்தக் குடியிருப்பில் யாருக்காவது வங்கியிலிருந்தோ நகராட்சியிலிருந்தோ புரியாத ஏதாவது வந்தால், அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். “நாலெழுத்து படிச்சவங்க பார்த்துட்டா ஒரு தைரியம்” என்பார்கள். “வச்சுட்டுப் போங்க, பார்க்கிறேன்” என்பாள். கையோடு பார்த்துக் கொடுத்துவிட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஐம்பதைத் தாண்டியாயிற்று. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, கல்லூரிப் படியேறியவள் அவள் ஒருத்திதான். கறுப்பு அங்கி போட்டு, சுருட்டிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் கூடத்தில், வாசலிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் அவள் கணவர் பத்தாவதோடு நின்றவர். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. “வீட்டுக்கு ஒரு டிகிரி போதும். ரெண்டு இருந்தா சண்டை வரும்” என்பார்.

இரண்டாவதைக் கொண்டுவந்தவள் தங்கை.

தங்கை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக்கில், டாக்டர் ஊசி போடும்வரை அவற்றை அசையாமல் பிடித்துக்கொள்வது அவள் வேலை. முன்கை முழுக்கக் கீறல். பள்ளிப் படிப்பு முடிந்த வருஷம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அக்கா கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்ததால் தங்கை வீட்டில் நின்றாள். அதைப் பற்றி அவள் ஒருநாளும் குறைபட்டுக்கொண்டதில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “அக்கா, நான் தொலைதூரக் கல்வியில சேர்ந்துட்டேன். உளவியல்” என்றாள், கடையில் சோப்பு வாங்கிவிட்டேன் என்பதுபோல.

“உனக்கெதுக்கு இப்போ?” என்றாள் அக்கா.

“சும்மாதான். பிடிச்சிருக்கு.”

அந்தப் ‘பிடிச்சிருக்கு’ அக்காவின் தொண்டையில் முள்ளாக நின்றது.

புத்தகங்கள் பார்சலில் வந்தன. தங்கை பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தாள். “பார்த்தியா வாசனையை!” என்று அக்காவின் மூக்கருகே நீட்டினாள். அக்கா தும்மினாள். “தபால்ல வர்ற படிப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நாங்கல்லாம் வெயில்லயும் மழையிலயும் நேர்ல போய்ப் படிச்சோம்” என்று அன்றைக்கு ஆரம்பித்தவள், அதற்குப் பிறகு யார் வந்தாலும் அதையே சொன்னாள். தங்கை முகம் சுளிக்கவில்லை. “அதான் அக்கா, உனக்குக் கால் வலிச்சிருக்கும். எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல பாரு” என்றாள். “அத்தான், அக்கா படத்துக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு ஆணி அடிச்சு வச்சுடுங்க” என்று விளையாட்டாகச் சொல்ல, அந்த மனிதர் அப்போதே சுத்தியலை எடுத்துவிட்டார். ஒவ்வோர் அடியையும் அக்கா சமையலறையில் நின்று கேட்டாள். மறுநாள் காலை அந்த ஆணியில் காலண்டர் தொங்கியது.

பதிவு செய்த பாடங்களைத் தங்கை போனில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள். நடுவில் சிரிப்பாள். கத்தியை நிறுத்திவிட்டு, “ஆமா இல்ல?” என்று போனைப் பார்த்துக் கேட்பாள். கிளினிக்கில் மேஜைக்கடியில் ஒளிந்துகொண்ட நாயைப் பற்றி, பாடத்தில் படித்ததையும் சேர்த்து அத்தானுக்கு விளக்குவாள். அவரும் வாய் பிளந்து கேட்பார். முப்பது வருஷமாக அக்கா கல்லூரியில் படித்த பொருளாதாரத்தைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல அவளிடம் ஒன்றும் இருந்திருக்காது.

அது அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். மூன்று வருஷமும் வராந்தாவில் நடந்து நடந்து மனப்பாடம் செய்து, தேர்வு மண்டபத்தில் அப்படியே கொட்டிவிட்டு வந்தவள் அவள். “ஒரு பேப்பர் போச்சுன்னு தெரிஞ்சா அதோட நிறுத்திடுவேன்” என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். தேர்வுக்கு முந்தின நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது. கடைசித் தேர்வு முடிந்த அன்றே புத்தகங்களைக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாள். அதன்பிறகு பொருளாதாரம் என்ற சொல்லைக் கண்டாலே நாளிதழின் பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

எனவே தங்கையின் முதல் வருட முடிவுகள் வந்தபோது, அக்கா ஒரு காரியத்தை எதிர்பார்த்துத் தயாராகவே இருந்தாள். எதிர்பார்த்தது நடந்தது.

“அக்கா, புள்ளியியல் ஊத்திக்கிச்சு!” என்று கத்திக்கொண்டே கூடத்துக்கு ஓடி வந்தாள் தங்கை.

அக்காவின் நெஞ்சில் ஏதோ ஒன்று இதமாக இறங்கியது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். ஆறுதல் வார்த்தைகளை ஒரு வாரமாகவே சேர்த்து வைத்திருந்தாள். “விடும்மா. எல்லாருக்கும் எல்லாம் வராது...” என்று தொடங்கி நிமிர்ந்து பார்த்தால், தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

“எவ்வளவு மார்க்குன்னு சொன்னா நீ நம்பமாட்டே. வெளியில சொல்ற மாதிரியே இல்ல! பரவாயில்ல, திரும்ப எழுதலாமாம். எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாமாம்.”

“ஃபெயிலானவ இப்படியா சிரிப்பா?” என்றாள் அக்கா. குரல் அவளை மீறிக் கிறீச்சிட்டது. சமையலறைக்குள் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எல்லாம் திரும்பவும் கழுவினாள். அவள் பாஸானபோதுகூட இப்படிச் சிரித்ததில்லை. ‘அப்பாடா’ என்று மூச்சுவிட்டதோடு சரி. இவளோ தோற்றுப்போயும் கொண்டாடுகிறாள். பாத்திரம் கழுவிய கையோடு அடுப்பு மேடையையும் தேய்த்தாள்.

அடுத்த மாதம் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. படுத்த படுக்கையாகிவிட்டாள். சனிக்கிழமைதோறும் நேர்முக வகுப்பு இருந்தது.

“அக்கா, நீ போய் உட்கார்ந்து கேட்டு எழுதிட்டு வாயேன். மேடம்கிட்ட போன்ல சொல்லிட்டேன்.”

“எனக்கு வேற வேலை இல்லையா?” என்றாள் அக்கா. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே உடுப்பைத் தேய்த்து வைத்தாள். பேனாவில் மை இருக்கிறதா என்று கிறுக்கிப் பார்த்தாள்.

சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வகுப்பு. குட்டை பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாடகைக் கார் ஓட்டுபவர் ஒருவர், சீருடையோடு ஒரு காவலாளி, வேலை முடித்த கையோடு வந்து கண்ணயர்ந்துகொண்டிருந்த ஒரு நர்ஸ். அக்கா கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள். கரும்பலகையில் ஒரு பிழை இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

ஆசிரியை இளம்பெண். ஒரு கேள்வி கேட்டாள். “ஒருத்தர் தினமும் ஒரே வழியா வீட்டுக்குப் போறார். ஒருநாள் சுத்து வழியில போறார். ஏன்? மனசுல பட்டதைச் சொல்லுங்க. இதுல தப்பான பதிலே கிடையாது.”

“டிராஃபிக்” என்றார் கார்க்காரர். “மேனேஜர் அந்தப் பக்கம் நிக்கிறார்” என்றார் காவலாளி. நர்ஸ் கண்ணைத் திறக்காமலே, “வீட்டுக்குப் போனா சமைக்கணும்” என்றாள்.

“பின்னாடி இருக்கிற அம்மா, நீங்க?”

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். “நான் ஸ்டூடன்ட் இல்ல. தங்கச்சிக்காக வந்திருக்கேன்.”

“இருக்கட்டும். உட்கார்ந்தே சொல்லுங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

படித்த காலத்தில் எந்தப் பாடத்திலும், நீ என்ன நினைக்கிறாய் என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. மனப்பாடம் செய்த எதுவும் கைகொடுக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்: “அவர் தினமும் போற தெருவுல அவர் தங்கச்சி குடியிருப்பா.”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நர்ஸுக்குத் தூக்கம் போய்விட்டது. “கூடப்பிறந்தவங்களோட அப்படி என்னங்க விரோதம்?” என்று கேட்டு ஆசிரியையும் சிரித்தாள். அக்காவுக்கு முதலில் காது சுட்டது. பிறகு அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

இடைவேளையில் தேநீரை அவள் கையில் கொடுத்து, “நீங்களும் சேர்ந்துடலாமே?” என்றார் கார்க்காரர்.

“எனக்கு ஏற்கெனவே டிகிரி இருக்கு” என்றாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் கணீரென்று சொல்லும் வாக்கியம். அன்று ஏனோ, லீவு கேட்கிறவள் சொல்லும் சாக்குப்போல முனகலாக வந்தது.

வீடு திரும்பியதும் தங்கை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். “என்னக்கா நடத்தினாங்க? மேடம் ஏதாவது ஜோக் அடிச்சாங்களா?”

“என்னத்தை நடத்தினாங்க. பாதிப் பேர் தூங்குறாங்க” என்றாள் அக்கா. எழுதி வந்த தாள்களைக் கொடுத்தாள். எல்லாம் அதில் இருந்தது, தலைப்புகளுக்கு அடிக்கோடு போட்டு, சுத்தமாக. தான் சொன்ன பதிலையும், எல்லோரும் சிரித்ததையும் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. அன்றும் மறுநாளும் அதை நினைத்து நினைத்து, தங்கைக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வாரக் கடைசியில் காய்ச்சல் விட்டது. வெள்ளிக்கிழமை தங்கை இரண்டு தட்டு சாப்பிட்டாள். அத்தானோடு வாய் ஓயாமல் பேசினாள். சனிக்கிழமை காலை, “இன்னிக்கு கிளாஸுக்கு நானே கிளம்பிடுவேன்” என்று கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தபோது, அக்கா குளித்து உடுத்தி, தலைவாரி, கைப்பையை மாட்டிக்கொண்டு அறைவாசலில் நின்றாள்.

நேரே வந்து தங்கையின் நெற்றியில் கையை வைத்தாள். நெற்றி ஜில்லென்று இருந்தது. கையை எடுக்காமல் சற்று நேரம் வைத்திருந்தாள்.

“இன்னும் சூடு இருக்கு” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்.”

“உள்காய்ச்சல். உனக்குத் தெரியாது. படு.”

தங்கையின் காலைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்து, இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகினாள்.