வண்டிக்கு அடியில் ஒரு கிண்ணம்

அவரை எல்லோரும் மீட்டர்காரர் என்றுதான் சொன்னார்கள். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவர். அவர் ஓய்வு பெற்றார், பெயர் ஓய்வு பெறவில்லை. பில் அதிகம் என்று யார் சண்டைக்கு வந்தாலும், "மீட்டர் பொய் சொல்லாதுங்க" என்ற ஒரே பதிலோடு சைக்கிளில் ஏறிவிடுவாராம். பிறகு சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. அந்த வண்டி இன்னும் இருந்தது.

நான் போனது அவர் மனைவிக்காக. அந்த அம்மாவுக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். ஆக்சிஜன் மிஷினோடு வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு அதற்குத் தோதானதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியது என் வேலை. நான் போடாவிட்டால் அந்த அம்மா வார்டிலேயே கிடக்கவேண்டியதுதான்.

முன்னறை ஒன்று, பின்னால் சமையலறை. முன்னறையில் ஜன்னலோரம் கட்டில். கட்டிலிலிருந்து இரண்டு எட்டில் வண்டி. சந்து குறுகல், வெளியே நிறுத்த இடமில்லை. வாசற்படிக்குப் பலகை சாய்த்து உள்ளே ஏற்றிவிடுவார். டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தார்.

செருப்பைக் கழற்றும்போதே பெட்ரோல் வாடை மூக்கில் அறைந்தது.

"சார், வண்டி ஒழுகுது."

"இருக்காது சிஸ்டர். எனக்கு ஒண்ணும் தெரியலையே."

பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"என்னது, தண்ணியா?" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் மோப்பம் போய்விட்டதை அதற்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டார். "ஆனா டேப்பை மூடாம நான் வண்டிய விட்டு இறங்கினதே இல்ல. நீங்களே பாருங்க."

டேங்குக்குக் கீழே பெட்ரோல் டேப், அதில் பெருவிரல் அளவு நெம்பி. மூன்று நிலை அதற்கு: திறந்தது, மூடியது, ரிசர்வ். மூடித்தான் இருந்தது. நான் கேட்காமலேயே பாடம் நடத்தினார். "ரிசர்வ்ல ஓட்டிட்டு, பெட்ரோல் போட்டதும் திருப்பி வைக்க மறந்தீங்கன்னு வைங்க. அடுத்த தடவ சொல்லாம கொள்ளாம நடுரோட்ல நிப்பீங்க. நான் ஒரு நாளும் நின்னதில்ல." அதோடு ஒரு வருத்தமும் சொன்னார். மூன்று வாரமாக மைலேஜ் குறைகிறதாம். நாற்பத்தெட்டு கொடுத்த வண்டி நாற்பத்தொன்றுதான் கொடுக்கிறதாம். "பங்க்ல ஏதோ கலக்கறான்."

குனிந்து பார்த்தேன். சிமெண்டுத் தரையில் கிண்ணம் வைத்து எடுத்ததுபோல் ஒரு வட்டத் தடம். அதைத் தாண்டிப் புதிதாக ஒரு கறை பரவியிருந்தது.

"இங்க என்ன இருந்துச்சு?"

"அவ ஏதாவது வச்சிருப்பா. ஆயில் சொட்டும்னு."

விவாதம் பண்ண எனக்கு நேரமில்லை. "மத்தவங்க வீட்ல லீக் இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிட்டு, மீட்டர்ல முள்ளு நகருதான்னு பார்ப்பேன்."

"அதையே இங்க பாருங்க." மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையை டேப்புக்கு நேர் கீழே வைத்தேன். மணி பதினொன்று. அதன்பிறகு கதவகலம் அளந்தேன், மிஷினுக்கு பிளக் பார்த்தேன், கட்டிலைத் திருப்பிப் போட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு, "படிங்க" என்றேன்.

முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கண்ணைக் குவளைக்கு நேர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு படித்தார். "ஏழு மில்லி." மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "ஏழுதான்."

எழுந்துபோய் வாசற்படிக்குப் பலகையைச் சாய்த்தார்.

இரண்டு தெரு தள்ளி மனைவியின் தம்பி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். டேங்கில் ஒரு முறை கீறல் போட்டுவிட்டார் என்பதற்காக ஆறு வருடமாக அங்கே வண்டி போனதில்லை. அன்று மீட்டர்காரர் தள்ளிக்கொண்டே போனார். என் பஸ்ஸுக்கும் அதே வழி.

"அடடே, மாமாவா! வழி தவறி வந்துட்டீங்களா?" என்றார் மெக்கானிக்.

"பேச்சைக் குறை மச்சான். டேப்பைப் பாரு."

மெக்கானிக் டேப்பைப் பார்த்தார். நெம்பியின் மேல் தகட்டில் இரண்டு ஸ்க்ரூ. இரண்டுக்கும் தலை மழுங்கியிருந்தது. "இது எந்தப் புண்ணியவான் வேல?"

"நான்தான். வாராவாரம் ஒரு சுத்து இறுக்குவேன். ஒரு முன்னெச்சரிக்கை."

மெக்கானிக் தகட்டைக் கழற்றி, நாலு ஓட்டை உள்ள ரப்பர் வாஷரை நகத்தால் பெயர்த்து எடுத்தார். ஓட்டைகள் பிதுங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. "இறுக்க இறுக்க நசுங்குது, நசுங்க நசுங்க ஒழுகுது. மீட்டருக்குப் பூட்டுப் போடுற மாதிரி போட்டிருக்கீங்களே மாமா!"

கால் மணி நேரத்தில் புது வாஷர் போட்டாயிற்று. அடியில் வைத்த காகிதம் காய்ந்தே கிடந்தது.

"இனி உள்ள நிக்கலாம்ல சிஸ்டர்?"

"கூடாது."

"அதான் ஒழுகலையே."

"ஒழுகாட்டியும் டேங்குல பெட்ரோல் இருக்கு. ஆக்சிஜன் ஓடுற ரூம்ல அது ஆகாது. வண்டி உள்ள வந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஹேண்டிலை விடாமல் நின்றார். ஒர்க்‌ஷாப்பின் மூலையைப் பார்த்தார். மெக்கானிக் வேண்டுமென்றே கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்த ஓரத்துல கொஞ்சம் இடம்..."

"காதுல விழல மாமா."

"இடம் குடுடா!"

"இப்ப விழுந்துது."

வண்டியை மூலையில் நிறுத்தினார். டேப்பை மூடினார், இரண்டே விரலால். சாவியை மெக்கானிக்கின் ஆணியில் மாட்டினார். நான் அங்கேயே, ஒரு டயரின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். குழாயை மூக்கில் பொருத்திச் சாய்த்து உட்காரவைத்தேன். மூச்சு நிதானமானதும் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டி எங்கங்க?"

"உன் தம்பிகிட்ட."

அந்த அம்மா முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "அப்ப கிண்ணத்தக் கழுவி வச்சிடலாம்."

"எந்தக் கிண்ணம்?"

அந்த அம்மா மூச்சு வாங்கி, விட்டுவிட்டுத்தான் சொன்னார். மூன்று வருடமாக வண்டிக்கு அடியில் எவர்சில்வர் கிண்ணம் வைத்திருக்கிறார். தினமும் காலையில் கணவர் குளிக்கப் போகும்போது சாவியை எடுத்து, சேர்ந்ததை டேங்கிலேயே ஊற்றிவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, நிரம்பிக் கணவர் கண்ணில் படக்கூடாதென்று, கிண்ணத்தை எடுத்து அடுப்படி மேடைக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறார்.

மீட்டர்காரர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். மைலேஜ் குறைந்த தேதியும் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதியும் ஒன்றே.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இன்னும் ஒரு சுத்து இறுக்கியிருப்பீங்க."

நான் வேலையைப் பார்த்தேன். கரண்டு போனால் மிஷின் நிற்கும், அதற்காகப் பக்கத்தில் ஒரு சிலிண்டர். அதைக் காட்டத் தொடங்கியதுமே மீட்டர்காரர் முந்திக்கொண்டார். "ரிசர்வ்தானே? கரண்டு வந்ததும் மறக்காம மூடணும். இல்லன்னா அடுத்த தடவ காலியா நிக்கும்." இதைப் புரியவைக்க மற்ற வீடுகளில் எனக்கு அரை நாள் ஆகும்.

குனிந்து, கண்ணை நேர்மட்டத்தில் வைத்து, சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது என்று படித்து நோட்டில் எழுதினார். பிறகு, மூடியிருந்த வால்வின் மேல் கை வைத்தார்.

"இறுக்காதீங்க" என்றார் கட்டிலிலிருந்து அந்த அம்மா.

கையை எடுத்துக்கொண்டார்.