கதை வேண்டாதவர்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்காரர், காதில் பென்சில் செருகியபடி பழைய ஆங்கில நாவல் ஒன்றைப் படிப்பார். சூப்பர்வைசர் வேலைக்கு இங்கிலீஷில் இன்டர்வியூ என்பதால், கடினமான சொல்லாகப் பார்த்துக் கோடு போட்டு, எனக்கும் பொருள் சொல்வார்.

"மெலன்கலின்னா சோகம்பா."

"யாருக்குண்ணே சோகம்?"

"அது இன்னாத்துக்கு ஒனக்கு? வார்த்தையப் புடி."

ஆறாவதோடு நின்று ஊர் சுற்றியவன் நான். பொழுது போக, அவர் சொன்ன சொற்களைக் கோர்த்து, கப்பலில் போனவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதையை நானே கட்டிச் சொல்லிவந்தேன். அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

இன்டர்வியூவில் அவர் கையிலிருந்த நாவலைப் பார்த்து, அதன் கதையைக் கேட்டுவிட்டார்களாம்.

"ஒன் கதையத்தான்பா எடுத்து வுட்டேன். வேலை கெட்ச்சிடுச்சு" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு கடைசில அவனையே கட்டிக்கினாளா?" என்று கேட்டார்.

புத்தகம் அவர் மடியில்தான் இருந்தது.