எனக்கு மட்டும் எரிந்த ஓவன்

நடந்தது இந்த வரிசையில்:

1. நவராத்திரி தொடங்கிய வாரம், ஓவன் நின்று எரிய மாட்டேன் என்கிறது என்று அம்மா சொன்னாள். குமிழை அழுத்திப் பற்றவைத்தால் எரிகிறது, கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது.

2. தெர்மோகப்பிள் என்ற பாகத்தை மாற்றினேன். எரிந்தது.

3. நாலைந்து நாளில் மறுபடி அதே புகார். பர்னரைக் கழற்றித் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். எரிந்தது.

4. மறுபடியும். இந்த முறை குமிழுக்குப் பின்னால் இருக்கும் வால்வையே மாற்றினேன். சோப்பு நுரை தடவிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எரிந்தது.

5. அடுத்த நாள் அம்மாவிடமிருந்து புகார் வரவில்லை. ஓவனைத் துணி போட்டு மூடியிருந்தாள்.

6. அன்றைக்குத்தான் அவளையே பற்றவைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மூன்று முறை 'எரிந்தது' என்று எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் பற்றவைத்துப் பார்த்தது நான். என் வேலை ஆலைகளில் வால்வுகளைச் சோதித்து ஒப்படைப்பது. அதை இயக்கப்போகிறவரின் கையாலேயே ஒருமுறை இயக்கவைத்துப் பார்க்காமல் நாங்கள் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. வீட்டில் அது எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஓவன் மாட்டுங்காவிலிருந்து வந்தது. அம்மா பல வருடம் சமையல் வேலை பார்த்த வீட்டுக்காரர்கள், மகனோடு இருக்க வெளிநாடு போனபோது, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவள் ஓவனைக் கேட்டாள். மேலே நாலு அடுப்பு, கீழே ஓவன், அவர்கள் வளைகுடாவில் இருந்தபோது வாங்கியது. டெம்போவில் ஏற்றித் தாராவியில் எங்கள் ஒற்றை அறைக்குள் இறக்கியபிறகு, அப்பா காலை மடக்கித்தான் படுக்க முடிந்தது. "இனி இதுதான் வீட்டுக்கு மூத்த மாப்பிள்ள" என்றார்.

அதற்கு முன்னால், தீபாவளி நெருங்கினால் தெருவில் எல்லோரையும் போல அம்மாவும் நான்கட்டாய் பிஸ்கட்டுக்கு மாவைப் பிசைந்து உருட்டி, தட்டோடு பாவ் ரொட்டி சுடும் பேக்கரிக்கு எடுத்துப்போய் வரிசையில் நிற்பாள். ஒரே அடுப்பில் பத்து வீட்டுத் தட்டுகள் வேகும். கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் உண்டு. சிலர் முள்கரண்டியால் கோடு போடுவார்கள், சிலர் முந்திரி வைப்பார்கள். அம்மாவுடையது கட்டைவிரலால் நடுவில் ஒரு அழுத்து, ஆழமான குழி. சொந்த ஓவன் வந்து, செம்பூருக்குக் குடிவந்து, நாலு கட்டடங்களுக்கு அவள் ஆர்டர் எடுத்தபிறகும் அந்தக் குழியை விடவில்லை. ஓவன் புகார் வந்த அந்த வருடம், கோகுலாஷ்டமிக்குச் செய்ததில் குழிகள் தட்டையாக இருந்தன. மாவு இளகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

இந்த ஓவனில் ஒரு பாதுகாப்பு உண்டு. தெர்மோகப்பிள் என்பது தீயின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு உலோக முனை. அது சூடேறினால் வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும். தீ அணைந்தால் ஆறிப்போய் வால்வை மூடிவிடும், கேஸ் வராது. ஆனால் அது சூடேறும்வரை நாம்தான் குமிழை நன்றாக உள்ளே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அணைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த முனையைத்தான். அதனால் குர்லாவுக்குப் போனேன். பழைய ஓவன்களின் உதிரி பாகங்கள் விற்கும் கடை ஒன்று அங்கே இருக்கிறது. வால்வுக்காக மறுபடி போனபோது கடைக்காரர், ரிப்பேர் செய்கிறீர்களா, இல்லை என் கடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு புது ஓவனையே கொண்டுபோகிறீர்களா என்று இந்தியில் கேட்டார். வீட்டில் அப்பா, "மக இஞ்சினியரா இருக்குத வீட்டு ஓவன்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார். அம்மா சிரிக்கவில்லை. அதையும் நான் கவனித்திருக்கலாம்.

துணியை எடுத்துவிட்டு அவளைப் பற்றவைக்கச் சொன்னேன். இடது கையில் லைட்டரைப் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலால் குமிழை அழுத்தினாள். விரல் வளைந்தது, குமிழ் பாதிதான் உள்ளே போனது. பிறகு உள்ளங்கையின் அடியால் அழுத்தினாள். நீலமாகத் தீ வந்தது. கை நடுங்கியது, குமிழ் மெதுவாக வெளியே வந்தது, தீ போய்விட்டது. அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சதை இல்லை. அந்த இடம் பள்ளமாக இருந்தது.

எப்போதிருந்து என்று கேட்டேன். மழை தொடங்கும்போதே என்றாள்.

"சொல்லிருக்கலாம்லாம்மா."

"ஓவன்ல கோளாறுன்னா நீ குர்லாவுக்குப் போயி வாங்கிட்டு வந்துருவ. இதுக்கு எங்கட்டி போவ?"

பிறகு அவளே சொன்னாள், நான் ஒவ்வொரு சாமானாக மாட்டும்போதும், ஒருவேளை ஓவன்தானோ என்று தனக்கும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது என்று.

மருத்துவமனையில் கை முழுக்க ஊசி குத்தி நரம்புகளைப் பார்த்தார்கள். மருத்துவர் ஒரு நீளமான பெயர் சொன்னார். மருந்து இதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், போனதைத் திருப்பித் தராது என்றார். இன்னொரு கையாவது தப்புமா என்று அம்மா இந்தியில் கேட்டாள். அதை இப்போது சொல்ல முடியாது என்றார். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அம்மா என்னிடம் ஒன்று கேட்டாள். "அந்தப் பூட்டக் கழட்டிப் போட்டுரு. மேல இருக்குத அடுப்புல அதெல்லாம் இல்லல்லா?"

அவள் சொன்னது சரி. மேல் அடுப்புகளில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, லேசாகத் திருகினால் போதும். ஓவனிலும் அதை இல்லாமல் செய்வது பெரிய வேலை இல்லை. ஆனால் மேல் அடுப்பு அணைந்தால் கண்ணுக்குத் தெரியும். மூடிய ஓவனுக்குள் தெரியாது. மாட்டேன் என்றேன். நான் பார்த்துக்க மாட்டேனா என்று கேட்டாள். அதற்கும் மாட்டேன் என்றேன். இரண்டு நாள் அவள் என்னிடம் நேராகப் பேசவில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருக்க, "அவள சாப்பிடச் சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொல்வாள்.

மரக்கட்டையில் ஒரு நெம்புகோல் செய்து குமிழுக்கு முன்னால் பொருத்தினேன். முழங்கையால் சாய்ந்தால் குமிழ் உள்ளே போகும். அந்தத் தீபாவளிக்கு அவளே பற்றவைத்தாள். அப்பா மாவு பிசைந்தார். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைகிறார் என்று திட்டு வாங்கினார். குழிகளை நான் போட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் நெம்புகோலும் அவளுக்குக் கனத்துவிட்டது. வேலைக்குக் கிளம்பும் முன் நான் பற்றவைத்துவிட்டுப் போவது, அவள் காலையிலேயே சுட்டு முடித்து அணைத்துவிடுவது என்று பேசிக்கொண்டோம். அணைக்க அழுத்த வேண்டியதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சமையலறை கொதித்தது. ஓவன் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அம்மா அதன் முன்னால் ஸ்டூலில், ரவிக்கை முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து அணைத்தேன்.

"மத்தியானம் இன்னொரு தட்டு போடலாம்னு பாத்தேன். தட்டத் தூக்க முடியல" என்றாள். "அணைச்சிட்டா நீ வரவரைக்கும் வராதுல்லா. அதான் விட்டுட்டேன்."

ஜன்னலைத் திறந்துவிட்டு அவள் முகத்தைத் துடைத்தேன். மின்சார ஓவன் வாங்கலாம், அதை அழுத்தவே வேண்டாம் என்றேன். தட்டையும்தானே தூக்க முடியவில்லை, அது எதற்கு என்றாள். மறுநாள் ஆர்டர் கொடுத்திருந்தவர்களை என் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொல்லி, இனிமேல் இல்லை என்று அவளே பேசினாள். காரணம் கேட்டவர்களிடம் ஓவன் ரிப்பேர் என்றாள்.

இப்போது அம்மாவின் வலது கை புடவைக் கொசுவத்தைப் பிடிப்பதில்லை. இடது கையிலும் தொடங்கியிருக்கிறது. காலையில் அப்பா அவளுக்குத் தலை வாரிவிடுகிறார். ஓவன் நன்றாக இருக்கிறது. மாதம் ஒருமுறை பற்றவைத்துப் பார்க்கிறேன், நின்று எரிகிறது. அதிலிருந்து கழற்றிய பழைய தெர்மோகப்பிளையும் வால்வையும் மீட்டர் வைத்துச் சோதித்தேன். இரண்டிலும் கோளாறு இல்லை.