அக்கா தள்ளி வைத்த இரண்டு பைகள்

கொரோனா ஓய்ந்து பல்கலைக்கழகம் திறந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். புரட்டாசி மாதத் தொடக்கம். மண்ணியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கோவில்பட்டியில் ஒரு அறை எடுத்துத் தங்கி, தினமும் காலையில் ஸ்கூட்டரில் பசுவந்தனைப் பக்கம் போய்ப் புஞ்சைகளில் மண் எடுப்பதுதான் என் வேலை.

கோடை முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடக்கும் கரிசல் மண்ணில் எவ்வளவு சத்தும் உப்பும் மிஞ்சியிருக்கின்றன, மழை பெய்த பிறகு அவை என்னவாகின்றன என்பதுதான் ஆய்வு. அதற்காகப் பன்னிரண்டு புஞ்சைகளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். முதல் மழைக்கு முன்னால் ஒரு முறை, மழைக்குப் பின்னால் ஒரு முறை மண் எடுக்க வேண்டும். முதல் முறை தவறிப்போனால் அடுத்த வருடம்தான். வீட்டிலோ, "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?" என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புஞ்சைகளில் ஒரு அக்கா செம்மறி ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். முதல் நாளே பக்கத்தில் வந்து, "என்ன டீச்சர், மண்ணைத் தோண்டி என்ன பாக்குதீங்க?" என்று கேட்டார். நான் டீச்சர் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. "ஆராய்ச்சி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். இன்னொரு நாள் அவருடைய ஆடுகள் நான் தோண்டும் இடத்துக்கு வந்துவிட, "கொஞ்சம் அந்தப் பக்கம் ஓட்டுங்க, மண்ணு கெட்டுப்போகும்" என்று எரிந்து விழுந்தேன். அவர் உடனே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைசிப் புஞ்சையில் மண் எடுத்து முடித்த நாள். முந்தைய நாட்களில் மண் நிரப்பி, ஊர்ப்பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வைத்திருந்த மற்ற பைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு துணிப்பைகளையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வண்டிப்பாதையில் பாதி தூரம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாரல் இல்லை, ஒரேயடியாகக் கொட்டியது. கரிசல் மண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனால் அதில் வண்டி ஓட்டியது அன்றுதான். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பி, வண்டி நகர மறுத்தது. முறுக்கினேன். அப்படியே சரிந்து, நானும் பைகளும் பாதையோரப் பள்ளத்தில் விழுந்தோம்.

முழங்காலில் நல்ல அடி. எழுந்திருக்க முயன்றபோது ஒரு கை என் தோளைப் பிடித்துத் தூக்கியது. அந்த அக்காதான்.

"மெதுவா, மெதுவா. காலை ஊனாதீங்க."

ஆடுகளைத் தன் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். ஒரு குச்சியால் சக்கரத்து மண்ணைச் சுரண்டி எடுத்தார். வண்டி அசைவதாக இல்லை. "இது கெடக்கட்டும். மழை விட்டதும் அவிய வந்து தள்ளிக் குடுப்பாவ" என்று சொல்லிவிட்டு, பள்ளத்திலிருந்து பைகளை எடுத்துத் தலையில் வைத்து, தார்ரோட்டில் இருந்த பஸ் நிழற்குடைக்குக் கொண்டுபோனார். திரும்பத் திரும்ப வந்து பன்னிரண்டையும் சேர்த்தார். கடைசியில் என்னையும் கைத்தாங்கலாக அழைத்துப்போனார்.

நிழற்குடையில் உட்கார்ந்து பைகளைப் பார்த்தேன். உள்ளே மண் லேசாக ஈரமாகியிருந்தது, அவ்வளவுதான். காயவைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு பையின் வாயிலும் கட்டியிருந்த அட்டையில் எழுத்தே இல்லை. நீலமாக ஒரு கறைதான் இருந்தது. எங்கள் பேராசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார், அட்டையில் பென்சிலால்தான் எழுத வேண்டும், பைக்கு உள்ளேயும் ஒன்று போட வேண்டும் என்று. பென்சில் மங்கலாகத் தெரிகிறதே என்று நான் ஜெல் பேனாவால் எழுதியிருந்தேன். உள்ளே எதையும் போடவில்லை. எந்தப் பை எந்தப் புஞ்சை என்று இனி யாருக்கும் தெரியாது. மழையும் விழுந்துவிட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"அடி ரொம்ப வலிக்கா?" என்று கேட்டார் அக்கா. விஷயத்தைச் சொன்னேன்.  அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பையை அவிழ்த்தார். ஒரு கட்டியை எடுத்து உடைத்தார்.

"இதுல வெள்ளை வெள்ளையா சுண்ணாம்புக் கட்டி கெடக்கு பாருங்க. இது மேட்டுப் புஞ்சை. அங்கன மட்டும்தான் இப்படிக் கெடக்கும்."

அடுத்த பையில் நறநறவென்று மணல் இருந்தது. "இது ஓடைக்கரை." இன்னொன்றில் மக்காச்சோளத் தட்டையின் வேர். மற்றொன்றில் பருத்திச் செடியின் சுள்ளி. போன வருடம் எந்தப் புஞ்சையில் என்ன விதைத்தார்கள் என்று அவருக்கு மனப்பாடம். கோடை முழுக்க அந்த நிலங்களில்தான், உரத்துக்காக இரவில் ஆடுகளை அடைத்து வைக்கும் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். ஒரு பையில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. "இது நம்ம கெடை கெடந்த எடம். ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டச் சொன்னீங்கள்லா, அங்கன எடுத்தது" என்றார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் தலை குனிந்துவிட்டது.

பத்துப் பைகளுக்குச் சொல்லிவிட்டார். நான் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன். மீதி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கடைசியில் இரண்டையும் தனியாகத் தள்ளி வைத்தார்.

"இது ரெண்டும் அடுத்தடுத்த புஞ்சை. ரெண்டுலயும் உளுந்துதான். எது எதுன்னு எனக்குத் தெரியல."

"உத்தேசமாச் சொல்லுங்கக்கா. தப்பா இருந்தாலும் பரவாயில்லை" என்றேன். பத்து வந்துவிட்டது, இரண்டுக்காக யார் கேட்கப்போகிறார்கள் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"அது எப்படி டீச்சர்? நான் ஒண்ணு சொல்லுவேன், நீங்க எழுதிருவீங்க. அப்புறம் அது நெசம்னு ஆயிரும்லா. தெரியாததைச் சொல்ல மாட்டேன்."

உண்மையில், அதுவரை நான் இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றுதான் இருந்தேன். புது அட்டை கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. அந்தப் பேச்சுக்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை. மறுநாள் நொண்டிக்கொண்டே பேராசிரியர் முன்னால் போய் நின்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். நன்றாகத் திட்டினார். பிறகு ஒரு வழி சொன்னார். மழை பெய்தாலும் ஒரு மண்ணில் உள்ள மணலும் சுண்ணாம்பும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. எல்லாப் புஞ்சையிலும் புதிதாக மண் எடுத்து, அக்கா சொன்னது முடிவைச் சாய்த்துவிடாதபடி அதை மறைத்து வைத்துவிட்டு, பழைய பைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

ஒரு மாதம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தேன். முடிவுகளை அக்கா சொன்னதோடு வைத்துப் பார்த்தபோது பத்தும் சரியாக இருந்தன. அந்த இரண்டு பைகளை மட்டும் எங்கள் கருவிகளாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆய்வேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பத்துப் புஞ்சைகளின் கணக்குதான் அதில் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். மறைக்க எதுவும் இல்லாததால் பதற்றமில்லாமல் பதில் சொன்னேன். பட்டம் கிடைத்ததும் இனிப்பு வாங்கிக்கொண்டு அக்காவைத் தேடிப் போனேன். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதலில் அவர் பெயர்தான் இருக்கிறது என்று காட்டினேன். சிரித்தார். "நான் என்னத்தைச் செஞ்சேன், பையைத்தான தூக்கினேன்" என்றார். அன்று அவர் வீட்டில் கம்மங்கூழ் குடித்துவிட்டுத்தான் வந்தேன். ஆடுகளுக்கு வரும் நோயிலிருந்து மேய்ச்சல் நிலம் குறைந்துபோனது வரை நிறையப் பேசினார். இந்த முறை நான் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். விவசாயிகள் மண்ணைக் கையில் கொண்டுவந்து, "இதுல என்ன போட்டா வெளையும்?" என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாதபோது, "தெரியலைங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று கூசாமல் சொல்ல முடிகிறது. அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும், கொட்டுகிற மழையில் என் ஆய்வையும் என் நேர்மையையும் சேர்த்தே காப்பாற்றிக் கொடுத்த அந்த அக்காவை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.