பெட்டியிலேயே இருந்த பத்தாவது ரீல்

தொண்ணூற்றொன்றில் எங்கள் விநியோகக் கம்பெனி என்பது நானும் என் வீட்டுக்காரரும், குன்றத்தூரில் ஒரு மாடி அறையும், ஒரே ஒரு படத்தின் ஒரே ஒரு பிரிண்ட்டும்தான். அவர் மெட்ராஸில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார். நான் படப்பெட்டியோடு தியேட்டருக்குப் போவேன். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இருந்ததில்லை. ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னாலே எனக்கு ஆகாது.

படத்தை எடுத்தவர் புது டைரக்டர். பெரிய விநியோகஸ்தர்கள் பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னார்களாம், "பத்தாவது ரீலைத் தூக்கிடுங்க, வாங்கிக்கறோம்" என்று. அந்த ரீலில் கதாநாயகியின் அப்பா ஆஸ்பத்திரியில் சாகிறார். பத்து நிமிடம் யாரும் வாயைத் திறப்பதில்லை. மகள் அவருடைய கால் நகங்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். பிரிவியூவில் நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வெளியே வந்ததும், "ஒரு அடி கூட வெட்ட மாட்டோம் சார், எங்களுக்குக் குடுங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் படத்தைக் கொடுத்தார்.

எந்தத் தியேட்டரும் எடுக்கவில்லை. கடைசியில் மண்ணூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ் முதலாளி, வேறு படம் கிடைக்காத வாரத்தில், சரி என்றார். கீற்றுக் கொட்டகை. பக்கமெல்லாம் திறப்பு. நன்றாக இருட்டினால்தான் திரையில் ஏதாவது தெரியும், அதனால் ஏழு மணிக்கு முன்னால் படம் போட முடியாது. வந்தவர்களில் பாதிப்பேர் பக்கத்து ஃபேக்டரிகளில் ராத்திரி ஷிப்ட் போகிறவர்கள். படம் முடிய ஒன்பதே முக்கால் ஆகும். அவர்களுடைய ஃபேக்டரி பஸ் ஒன்பது நாற்பதுக்கே சாலை முக்குக்கு வந்துவிடும்.

முதல் நாள் நான் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒன்பதரை தாண்டியதும் உள்ளே பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. கிளைமாக்ஸில் டிபன் டப்பாச் சத்தம்தான் கேட்டது. மூன்றாம் நாள் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. டீக்கடையில், "அது முடிவே இல்லாத படம்ப்பா" என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் கிளாஸைப் பிடுங்கியிருப்பேன்.

இடைவேளையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி முதலாளியிடம் போய் நின்றேன்.

"இடைவேளைல டீயும் முறுக்கும் ஓடுனாத்தாம்மா என் வூட்ல அடுப்பு எரியும்" என்றார் அவர். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பால பொட்டிய எடுத்துக்கினு போய்க்கினே இரு."

இங்கே இறக்கிவிட்டால் அந்தப் படத்தை வேறு எங்கும் ஏற்ற முடியாது. கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

மறுநாள் நானே ஆபரேட்டர் அறையில் நின்று, பெட்டியிலிருந்து ரீல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதுக்கு அப்புறம் பதினொன்றைக் கொடுத்தேன். வசனமே இல்லாத ரீல்தானே, கதை விட்டுப்போகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆபரேட்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையே மாட்டினார். வீட்டுக்காரரிடமும் நான் மூச்சுவிடவில்லை.

அன்றைக்கு ஒன்பது முப்பத்தைந்துக்குப் படம் முடிந்தது. முழு முடிவையும் பார்த்து, விசில் அடித்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினார்கள். அவர்கள் ஷிப்டில் போய்ப் பேசியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தரையில்கூட இடமில்லை. மூன்றாவது வாரம் என்று முதலாளியே போஸ்டர் ஒட்டினார். சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கோ சோறு இறங்கவில்லை. பதினொன்றாவது ரீலைக் கொடுத்த கையோடு சாலைக்கு ஓடிவந்துவிடுவேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள், படம் விட்டு வந்த கூட்டத்துக்குள் டைரக்டர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் மெட்ராஸிலிருந்து பஸ் ஏறி வந்து, டிக்கெட் எடுத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணோட அப்பா இன்னாடா ஆனாரு?"

"ஊருக்குப் போயிருப்பாருடா. வா, பஸ்ஸு நிக்கிது."

டைரக்டர் அப்படியே நின்றுவிட்டார். கிட்டே போய் "சார்" என்றேன்.

"எங்கப்பா சாகும்போது நான் பக்கத்துல இல்லம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. "அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நான் இந்தப் படத்தையே எடுத்தேன்."

"நாளைலேர்ந்து முழுசா போட்டுடறேன் சார். சத்தியமா."

அவர் கொட்டகையையும் முதலாளி ஒட்டிய போஸ்டரையும் பார்த்தார். "வேணாம்மா. ஓடுதுல்ல, ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்டாப்பை நோக்கி நடந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன், அவர் திரும்பவில்லை.

மறுநாள் ஆறரைக்கெல்லாம் வாசலில் கூட்டம் நின்றது. நான் பத்தாவது ரீலைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆபரேட்டர் அறையில் படம் தொடங்கியதிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது ரீல் முடிந்தது. ஆபரேட்டர் கையை நீட்டினார்.

பதினொன்றைக் கொடுத்தேன்.