ஹால் சுவரும் ஒரு கடப்பாரையும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு ஆறு நாள் முன்பு, ஹாலில் சோபாவுக்கு நேர் மேலே சுவர் உப்பிக்கொண்டு நின்றது. விரலை வைத்தேன். பெயிண்ட் பொலபொலவென்று கொட்டியது. ஓதம்!

மாப்பிள்ளை வீட்டார் உட்காரப் போவது அந்த சோபாவில்தான். கவிதா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, போன்ல பேசினதுலயே பையனை எனக்குப் பிடிச்சுப்போச்சு. இந்தச் சுவத்தால கெட்டுதுன்னா, நான் சும்மா இருக்க மாட்டேன்."

கம்பெனி குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் என்ன செய்வோம்? கம்ப்ளெயின்ட் கொடுப்போம். என் கணவர் விடவில்லை. நிலக்கரி மைன்ஸில் நிலத்தடி நீரை பம்ப் வைத்து இறைக்கும் பிரிவில் இருபத்தெட்டு வருட சர்வீஸ் அவருக்கு.

"சுரங்கத்துத் தண்ணியையே அடக்கி வச்சிருக்கேன். என் வீட்டுச் சுவத்துக்கு நான் கம்ப்ளெயின்ட் எழுதறதா? ஷிஃப்ட்ல சிரிப்பானுங்க!"

சுவரைத் தட்டினார். கண்ணை மூடினார். தீர்ப்பு வந்தது — "கீழேருந்து ஏறுது. நிலத்தடி நீர்தான்."

இந்த மனிதருக்கு எதுதான் நிலத்தடி நீர் இல்லை? ஃப்ரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் நின்றபோதும் இதையேதான் சொன்னார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பாரே... தெரிந்த ஒரே வேலையை வைத்து உலகத்தையே ரிப்பேர் பார்ப்பவர்?

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கடப்பாரையை எடுத்தார். வெளியே சுவரை ஒட்டி, என் செம்பருத்திக்குப் பக்கத்தில் குழி. தோண்டினால் சுவர்த் தண்ணீர் அதில் இறங்கிவிடுமாம். புதன்கிழமை இடுப்பளவு ஆழம். செம்பருத்தி சாய்ந்தது. தண்ணீர்? ஒரு சொட்டுகூட இல்லை. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் பழுப்பு நிலக்கரியே எடுத்திருப்பார்.

வியாழக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து கொத்தனார் ஏழுமலையை வரவழைத்தேன். அவர் குழியைப் பார்த்தார். உள்ளே நின்றவரையும் பார்த்தார்.

"இன்னாங்க, கக்கூஸ் தொட்டிங்களா?" என்றார், மிக மரியாதையாக.

பிறகு ஹாலுக்கு வந்து சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்தார். "கீழ காஞ்சிகினு கெடக்குது. மேலதான் ஈரம். பூமித் தண்ணி எகிறிக் குதிச்சா போவும்?"

ஏணி வைத்து ஜன்னல் சன்ஷேடை எட்டிப் பார்த்தார். "தண்ணி நின்னுகினு இருக்குதுங்க. வெளிய போற ஓட்டைய யாரோ சிமென்ட் வச்சி அடைச்சிருக்காங்க."

யாரோவா! ஸ்கூட்டர் சீட்டில் தண்ணீர் சொட்டுகிறது என்று போன வருடம் அதை அடைத்த அந்த யாரோ, குழிக்குள் நின்று கடப்பாரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை அடைப்பை உடைத்தார். ஊறிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தார்.

"சனிக்கிழமை பெயிண்ட் அடிச்சிடலாமா?" என்று குழியிலிருந்து ஒரு குரல்.

"காயாம அடிச்சா தோலு உரிஞ்சிகினு வரும் சார். ஒரு மாசம் ஆவட்டும்."

கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கணவர் குழியிலிருந்து ஏறி வந்தார். "என்னாலதாம்மா... மன்னிச்சிடு" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எனக்கே பாவமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த பையனின் அப்பா, பெண்ணைப் பார்க்கவில்லை, செங்கலைத்தான் பார்த்தார்.

"இன்னாங்க இது, ஓதமா?"

கவிதா என்னை முறைத்தாள், நான் அவள் அப்பாவை முறைத்தேன்.

"எங்க வூட்லயும் இதே தொல்லைதாங்க. மூணு தடவ பெயிண்ட் அடிச்சாச்சு, நிக்கவே மாட்டேங்குது."

என் கணவருக்கு உயிர் வந்தது. "ஈரம் கீழ இருக்கா, மேல இருக்கா? முதல்ல அதைச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். ஏழுமலை சொன்னது அத்தனையும், தான் கண்டுபிடித்ததுபோல் அரை மணி நேரம்! அந்த அரை மணி நேரத்தில் கவிதாவும் பையனும் வராந்தாவில் பேசி முடித்துவிட்டார்கள். இருவருக்கும் சம்மதம்.

கிளம்பும்போது பையனின் அப்பா என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரம் எங்க வூடு பாக்க வர்றப்ப அந்தச் சுவத்தையும் ஒரு பார்வ பாத்துடுங்க சம்மந்தி."

பூ, பழம், வெற்றிலை எல்லாம் தயார். கடப்பாரையை மட்டும் பரண்மேல் ஒளித்து வைத்திருக்கிறேன்.