தங்கை மகனோடு மாமல்லபுரத்தின் மேல் நான் படையெடுத்த கதை

மாமல்லபுரம் என்றால் எல்லோரும் கற்கோயில் பார்க்கப் போவார்கள். எழுபதுகளின் நடுவில், ஒரு பிப்ரவரி மாதப் புதன்கிழமை, நான் போனது என் தங்கை ஹமீதாவைப் பார்க்க. பிரசவத்துக்குப் பின் வந்த இடுப்பு வலிக்கு அவளுக்குப் பெத்தடின் என்ற போதை தரும் வலிமருந்தை ஊசியாகப் போட்டார்கள். வலி போனது, ஊசி போகவில்லை. ஒரு வருடம் அது அவளை ஆட்டிவைத்தது. அதிலிருந்து மீளத்தான் கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குள் ஓர் இல்லத்தில் நான்கு மாதமாக இருந்தாள். அங்கே தாய்மார்களுக்குச் சிகிச்சை. பக்கத்துக் கொட்டகையில் அவர்கள் பிள்ளைகளுக்குப் பால்வாடி.

அவள் மகன் சலீமுக்கு ஒன்றரை வயது. செங்கல்பட்டில் எங்களோடு இருந்தான். அன்றைக்கு அவள் தனியாக அவனுக்குச் சோறூட்டித் தூங்கவைத்துவிட்டால், அவன் இனி அவளோடேயே அங்கே தங்கலாம் என்பது இல்லத்தார் போட்ட நிபந்தனை. இல்லாவிட்டால் என் இடுப்பிலேறி வீடு திரும்ப வேண்டியதுதான்.

காலை எட்டரைக்குச் செங்கல்பட்டு பஸ் நிலையத்திலிருந்து என் சேனை கிளம்பியது: சலீம், ஒரு துணிப்பை, ஒரு குடை. டிக்கெட் ஒரு ரூபாய் பத்து பைசா, தூரம் சுமார் முப்பது கிலோமீட்டர். பையன் போட்ட கூச்சலில் கொளவாய் ஏரி மீனெல்லாம் கரையேறிவிட்டது. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றதும் சமாதான உடன்படிக்கையாக வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். அவன் தின்றதில் ஒரு பட்டாளம் பசியாறியிருக்கும்.

"இன்னா பாய், புள்ளைக்கா யானைக்கா?" என்றார் கண்டக்டர்.

"ராஜ வம்சம்யா!"

மாமல்லபுரத்தில் இறங்கி மணல் பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடை. பால்வாடி நடத்திய மேரி டீச்சர் வேலிப் படலைத் திறந்து குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"நீங்க வெளியவே நில்லுங்க. கூப்பிடக் கூடாது, கை காட்டக் கூடாது."

"நான் அவனுக்குத் தாய்மாமன்!"

"அதனாலதான் சொல்றேன்."

ஹமீதா பருப்புச் சோறு பிசைந்து கொண்டுவந்தாள். சலீம் வாயை இறுக மூடிக்கொண்டான். என்னைத் தேடி அழுதான்.

"டீச்சர்! அவ மேல தப்பில்ல! அவன் வயித்துல அரை சீப்பு பழம் கீது!" என்று வேலிக்கு வெளியிலிருந்து கத்தினேன்.

ஹமீதா திரும்பிப் பார்த்தாள். "அண்ணாத்த, அது புள்ள வயிறா, உன் தொப்பையா? அப்பால போ. பசிக்கிற வரைக்கும் நான் குந்திகினு இருக்கேன்."

சவுக்கு மரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். மரம் என்னை முழுதாக மறைத்ததாகச் சொல்ல மாட்டேன். அவள் கிண்ணத்தை மூடிவைத்தாள். அழுகிற பிள்ளையின் வாயில் திணிக்கவில்லை, அடிக்கவில்லை, டீச்சரைக் கூப்பிடவுமில்லை. முன்பெல்லாம் அவன் அழுதால் அவளுக்குக் கை நடுங்கும், ஊசிக்கு ஓடுவாள். அன்றும் விரல்கள் நடுங்கின. மணலுக்குள் புதைத்துக்கொண்டாள். நடுக்கம் அடங்கியதும் கொட்டாங்குச்சியில் மணலை அள்ளிக் கொட்டத் தொடங்கினாள். அழுது ஓய்ந்து, அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொட்டாங்குச்சியைப் பிடுங்கினான். வெயில் உச்சிக்கு வந்தபோது, கிண்ணத்தின் மூடியை அவனே இழுத்தான்.

சாப்பிட்டான். அவள் மடியிலேயே தூங்கிப்போனான்.

மேரி டீச்சர் வேலியருகே வந்தார். "அவன் துணிப்பையக் குடுத்துட்டுக் கெளம்புங்க. மூணு மணிக்கு பஸ்."

பல்லவர்கள் பாறையைக் குடைந்தார்களாம். பாறை அழாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. என் தங்கை செய்தது அதைவிடப் பெரிய வேலை. இந்தக் கட்டுரையில் மிகைப்படுத்தாமல் எழுதிய ஒரே வரி இதுதான்.

இப்படிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: வழியில் தின்னக் கொடுக்காதீர்கள். பார்த்ததும் பிள்ளை ஓடிக் கட்டிக்கொள்ளும் என்று காத்திருக்காதீர்கள். வெளியே நிற்கச் சொன்னால் நில்லுங்கள். திரும்பும்போது மடி காலியாக இருந்தால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். யாராவது கேட்டால், கடற்கரை மணல் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.